நெற்றி காட்டிய அளவு

பிறந்த பிள்ளையின் மஞ்சள் காமாலை காலை வெயிலில் இறங்கிவிடும் என்று எங்கள் வீடு நம்பியது. நம்பியது என்பதைவிட, தங்கையின் மாமனார் அப்படித் தீர்ப்பளித்தார், நாங்கள் தலையாட்டினோம் என்பதே சரி. அவர் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர். சுற்றறிக்கைகளைத் தவிர வேறெதையும் முழுமையாக வாசித்தவரல்லர். ஆயினும் நெல் வேளாண்மையின் நோயிலிருந்து தலைப்பிறை வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு முடிவு இருந்தது. வீடு எங்களுடையது, மாப்பிள்ளைதான் வந்து சேர்ந்தவர். என்றாலும் பேத்தி பிறந்த நாள்முதல் எங்கள் விறாந்தைக் கதிரையில் அவர்தான் வீற்றிருந்தார்.

பிள்ளைக்குக் கடற்காற்றுப் படக்கூடாது என்பது அவருடைய இரண்டாவது சட்டம். எனவே கழுத்துவரை துணியால் இறுக்கிச் சுற்றி, முகத்தை மட்டும் வெயிலுக்குக் காட்டினோம். முகத்துக்குச் சூரியன், மிச்ச உடம்புக்கு இருட்டு. இந்த மூடத்தனத்துக்குத் துணைநின்றவர்களில் நானும் ஒருத்தி. அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்தவள்.

ஐந்தாம் நாள் கிளினிக்கில், தாதி கைக்குள் அடங்கும் ஒரு கருவியைப் பிள்ளையின் நெற்றியில் வைத்து அழுத்தினார். ஊசியில்லை, இரத்தமில்லை, ஒரு சிறு ஒளி, பிறகு ஓர் எண். மஞ்சள் குறைவென்றது அந்த எண்.

"பாத்தீங்களா மகள்?" என்றார் மாமா, வீடு திரும்பியதும். "மெசின் கண்டுபுடிச்சத நான் விறாந்தையில இருந்தே சொன்னேன்."

"ஓம் மாமா. ஆனா புள்ள பால் குடிக்குதில்ல, தூங்கிக்கிட்டே கிடக்கு," என்றாள் தங்கை.

"தூங்குற புள்ளைய எழுப்பி ஊட்டுறது படிச்ச பொம்புளைகள்ற வேல," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிள்ளை பார்க்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன், அது கோழைத்தனம்.

மறுநாள் காலை துணி மாற்றும்போது பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது; நெஞ்சும் உள்ளங்காலும் பழுத்த மாம்பழத்தின் தோல்போல் மஞ்சளாயிருந்தன. தட்டியும் அவள் அழவில்லை. தங்கையையும் பிள்ளையையும் ஓட்டோவில் ஏற்றினேன்.

"மெசினை விட நீங்க பெரியாளா?" என்றார் மாமா.

"ஓம் மாமா," என்றேன்.

அதே தாதி இம்முறை துணியை அவிழ்த்து, கருவியை நெஞ்சில் வைத்தார். எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

"வெயில்ல வெச்ச நீங்களா?"

"முகத்த மட்டும்."

"அதுதான் ராத்தா. வெயில் பட்ட தோல் வெளுத்துரும், இரத்தத்தில மஞ்சள் அப்பிடியே கிடக்கும். நேத்து நான் நெஞ்சிலதான் வெச்சிருக்கணும்."

தன் பிழையைத் தானே சொன்ன ஒருவரை அந்த வாரத்தில் நான் அப்போதுதான் கண்டேன்.

ஆஸ்பத்திரியில் குதிகாலில் இரத்தம் எடுத்தார்கள், நீல விளக்கின் கீழ்க் கிடத்தினார்கள், இரத்தமும் மாற்றினார்கள். உயிர் தங்கியது. மூளைக்கு ஏறிய மஞ்சளால் கேட்கும் திறன் பெரும்பாலும் போயிற்று. மாமா அதை "நஸீபு" என்றார், விதியென்று. தன் ஆணவத்தின் விளைவை அல்லாஹ்வின் கணக்கில் எழுத எவ்வளவு துணிவு வேண்டும்.

அவர் மௌத்தாகி அடக்கமாகி வருடங்களாகிவிட்டன. தங்கையின் கணவர் கட்டாருக்குப் போனார், வருவது குறைந்துவிட்டது. பிள்ளை இரு காதுகளிலும் கருவி மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். உதட்டசைவையும் பார்த்தே விளங்கிக்கொள்வதால், இந்த வீட்டில் முகம் பார்த்தே கதைக்கிறோம். தங்கை, அவள், நான்: மூவர் இருக்கிறோம்.