பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை

அக்காவின் இரண்டாவது குழந்தையும் போன பிறகுதான் குழந்தைகள் டாக்டர் எங்களிடம் வம்சப் படம் கேட்டார். மூன்று தலைமுறையில் யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு என்ன நோய் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வெள்ளைத்தாளில் வட்டமும் கட்டமும் போட்டாலே போதும் என்றும் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டிடிபி கடையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். அந்த வட்டாரத்துக் கல்யாணப் பத்திரிகைகள் பாதி என் கையால் போவதில் ஒரு கர்வம். கையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு யாராவது பேனா பிடிப்பார்களா?

அக்காவைக் கட்டியவர் எங்கள் தாய்மாமன், அம்மாவின் கடைக்குட்டித் தம்பி. மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, வீடு கோவிலம்பாக்கத்தில். குரோம்பேட்டையிலிருந்து, சொந்தமில்லாத அசலில் ஒரு நல்ல இடம் வந்தபோது, மாமா என்றால் அக்கா கண் கலங்க மாட்டாள் என்று நானும் சேர்ந்து சொன்னேன். மாமா கலங்க வைக்கவும் இல்லை. குழந்தைகள்தான் இரண்டும் ஒரே மாதிரி போயின. ஆறேழு மாதம் வரை கொழுகொழுவென்று இருக்கும், முகம் பார்த்துச் சிரிக்கும். பிறகு கழுத்து துவளும். பால் இறங்காது. ஒன்றரை வயதை இரண்டும் தாண்டவில்லை. முதல் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் என்றார்கள். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமா, கூடாதா என்பது மட்டும்தான் அக்காவுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு சிடி இலவசமாக வரும். அப்படிச் சேர்ந்த சிடிக்களைத் துழாவியதில் குடும்ப மரம் வரைகிற ப்ரோகிராம்கள் மூன்று கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கடை முதலாளியிடம் சாவி வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதலாவது முப்பது பேருக்கு மேல் சேர்க்க விடவில்லை. எங்கள் அப்பா வழிச் சித்தப்பாக்களோடேயே முப்பது முடிந்துவிட்டது.

இரண்டாவது, பார்த்தவுடன் மயக்கியது. நிஜ மரம் போலக் கிளையும் பச்சை இலையுமாக வரையும், இலைக்கு இலை ஃபோட்டோ ஒட்டலாம். ஒரே தகராறு, மாமாவை அது ஏற்கவில்லை. அம்மாவின் தம்பியாக ஏற்கெனவே பதிந்த ஆளை மகளுக்குப் புருஷனாகப் போட்டபோது பீப் என்று கத்தித் தப்பு என்றது. உனக்கென்ன தெரியும் எங்கள் வழக்கம் என்று திட்டிவிட்டு, மாமாவை இரண்டு தனித்தனி ஆட்களாகப் போட்டேன். வாயை மூடிக்கொண்டது.

மூன்றாவதற்கு அழகென்று ஒன்றுமில்லை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஆளுக்கொரு எண். மாமாவை மட்டும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் அடித்ததும் இரண்டு கேள்வி கேட்கும். பிறந்த குழந்தைகள் எத்தனை? உயிரோடிருப்பது எத்தனை? பதில் தராமல் அடுத்த ஆளுக்குப் போக விடாது. எனக்குச் சுரீரென்றது. சுமங்கலிகளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எங்கள் வீட்டில் செத்த பிள்ளையை எண்ணிச் சொல்லும் பழக்கம் கிடையாது. எத்தனை பிள்ளை என்றால் இருக்கிற பிள்ளையைத்தான் சொல்வோம். இதைப் போய் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்று அந்த சிடியை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டேன்.

இலை மரத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேட்டும் செய்து கொண்டுபோனோம். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். இரண்டு இடத்தில் இருக்கும் மாமா ஒரே ஆள்தான் என்று விளக்கினேன். சொந்தத்தில் கட்டியது நல்லதில்லை என்று முதலில் கடிந்துகொண்டார்.

"உங்க மாமியார் வீட்ல, அதாவது உங்கம்மா பக்கம், மேல யாருக்கும் இந்த மாதிரி கொழந்தை தவறினது இல்லையே? படத்துல ஒண்ணும் காணோம்" என்று அக்காவைக் கேட்டார். இல்லை என்று நான்தான் பதில் சொன்னேன். அப்படியானால் பரம்பரை என்று அடித்துச் சொல்ல முடியாது, தைரியமாக இருங்கள் என்று அக்காவிடம் சொன்னார். திரும்பி வரும்போது பல்லாவரத்தில் பஸ் மாறுகையில் அக்கா எனக்குக் கரும்புச் சாறு வாங்கித் தந்தாள்.

அடுத்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதம் கழுத்து துவண்டது. பதின்மூன்றாம் மாதம் அதையும் ஏரிக்கரையில் புதைத்தோம். மாமா குழிக்குள் இறங்கித் தானே கிடத்தினார்.

அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். ஒரு காலை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரும் கேட்காமலே அம்மா அவளிடம் பேசினாள்.

"எனக்கும் மூணு இப்படித்தான் போச்சு. உனக்கு முன்னாடி. உங்கப்பாவுக்கு அரக்கோணத்துல வேலை அப்போ. அந்த ஊர் தண்ணி சேரலைன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அப்பா, அம்மாவுக்கு அத்தை மகன். மாமா அப்போது தொட்டில் குழந்தை, அவருக்கும் தெரிந்திருக்காது. அம்மா வேண்டுமென்று மறைக்கவில்லை. எண்ணக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவள் எண்ணவில்லை.

அக்கா திரும்பிப் பார்க்காமலே, "கேட்டிருந்தா சொல்லியிருப்பியாம்மா?" என்றாள்.

"கேட்டா சொல்லாம இருப்பேனா?" என்றாள் அம்மா.

அவர்கள் இருவருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியை ஒரு சிடி என்னிடம் கேட்டிருந்தது.

அன்றே கடைக்குப் போய் டிராயரைத் திறந்து அதைப் போட்டேன். கறுப்புத் திரையில் அம்மாவின் பெயரை அடித்தேன். பிறந்தது ஐந்து, இருப்பது இரண்டு. அக்காவின் பெயரை அடித்தேன். பிறந்தது மூன்று. அதற்கு மேல் விரல் ஓடவில்லை. முதலாளி வந்து ஏதோ பத்திரிகையின் ப்ரூஃப் எங்கே என்று கேட்டார். பூஜ்யத்தை அடித்துவிட்டு எழுந்து எடுத்துக் கொடுத்தேன்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்து ஒட்டிய, போன குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு கட்டம் போட்டிருந்த அந்தத் தாள்களைப் பார்த்த டாக்டர் யோசிக்கவே இல்லை, இனி வேண்டாம் என்றார். வெளியே பெஞ்சில் அக்கா தாள்களை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். அம்மாவின் மூன்று, தன்னுடைய மூன்று, ஆறு கட்டங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த ப்ரோகிராம் அப்பவே இல்லையாடா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, இப்பதான் வந்துச்சு" என்றேன்.