கடைசியாகப் பேசிய நேரம்

மகள் வேலைக்காக வெளிநாடு கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. காலை ஏழே காலுக்கு வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது.

"உங்கப்பா பஸ்ஸை விடற மாதிரி நீ பிளேனை விட்டுடாதடி" என்று அம்மாக்காரி சிரித்துக்கொண்டே கையசைத்தாள். பக்கத்தில் நின்ற அவள் புருஷன், லிஃப்ட்காரர், சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு மனைவி பேசி அன்று அவர் எதையும் கேட்கவில்லை.

ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். "ஊரையே மேல ஏத்தி விடுவாரு, அவரு மட்டும் கீழயே நிப்பாரு" என்று காவலாளி கிண்டலடிப்பார். வெளியில் பூனை. வீட்டில் கோபம் வந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு. மகளை அனுப்புவதென்று தன்னைக் கேட்காமலேயே மனைவி முடிவெடுத்துவிட்டாள் என்பதால், அவளோடு பேச்சை நிறுத்திப் பதினோரு நாளாகியிருந்தது. "டீ வேணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு", "ஆறிப் போகுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்று மகள்தான் இடையில் தபால்காரி வேலை பார்த்தாள். இப்போது தபால்காரியும் போய்விட்டாள்.

அன்று விடுப்பு எடுத்திருந்தார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம், மூடும் சத்தம். அவளே வந்து பேசட்டும் என்று கிடந்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏதோ தொப்பென்று விழுந்தது. போய்ப் பார்த்தால், அடுப்பு மேடையோரம் சாய்ந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை, யாருடையதோ போலத் தொங்கியது. பதினோரு நாளுக்குப் பிறகு அவர் வாய் திறந்தது அப்போதுதான்: "என்னம்மா ஆச்சு?" அவளிடமிருந்து சொல் வரவில்லை.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள், இன்னொருத்தி விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். மூன்றாமவள் பேனாவோடு அவர் எதிரில் நின்றாள்.

"கடைசியா இவங்க நல்லா இருந்ததை எப்ப பாத்தீங்க, ஐயா? எத்தனை மணிக்கு உங்ககிட்ட நல்லா பேசினாங்க?"

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெண்டாட்டியோடு பேசிப் பதினோரு நாளாகிறது என்று மகள் வயதுப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

"பத்தரைக்கு" என்றார். "பத்தரைக்குப் பேசினா."

அவள் எழுதிக்கொண்டாள். ஸ்கேன் எடுத்ததும் டாக்டரம்மா வேகமாக வந்தார். "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கசிவு இல்ல. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு, நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நேரம் தாண்டிட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியற ஆபத்து அதிகம். நேரத்துக்குள்ள போட்டாலும் நூத்துல சில பேருக்குக் கசியும். பத்தரை, உறுதிதானே?"

ஏழே காலிலிருந்து எண்ணினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். உண்மையைச் சொன்னால் ஊசி இல்லை. தலையாட்டினார். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

சாயங்காலம் அவள் வலது கை விரல்கள் லேசாக அசைந்தன. அவருக்கு உயிர் வந்தது. அரை மணி நேரத்தில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மறுபடி ஸ்கேன். கசிவு.

"நான் சொன்னேன்ல, சில பேருக்கு..." என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். மீதி அவர் காதில் ஏறவில்லை.

அவள் பிழைத்தாள். மூன்று வருடம் இருந்தாள். பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "சரி." பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி. அவரோ ஓயாமல் பேசினார். கஞ்சி ஊட்டிக்கொண்டே எந்த மாடியில் யார் யாரோடு சண்டை, காவலாளி என்ன உளறினார் என்று கொட்டித் தீர்ப்பார். ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஆஸ்பத்திரில பொய் சொன்னேம்மா. பத்தரைக்கு உன்னை நான் பாக்கவே இல்ல" என்றார்.

"சரி" என்றாள்.

அவள் போன பிறகும் அந்தச் 'சரி' போகவில்லை. ஆளில்லாத லிஃப்டில் கதவு மூடும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பினால் கண்ணாடியில் அவர் மட்டும். யாராவது மணி கேட்டால் தெரியாது என்பார். "கையில என்னண்ணே, வளையலா?" என்று நாலாம் மாடிக் கணக்கர் அவர் கைக்கடிகாரத்தைக் காட்டிச் சிரிப்பார். மகளிடம்கூட அவர் அந்தப் பொய்யைச் சொன்னதில்லை.

அவள் இறந்து இரண்டு வருடம் கழித்து, மதிய நேரத்தில் லிஃப்ட் ஏழாம் மாடியில் நின்றிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது.

"அப்பா, அன்னிக்கு நான் பிளேன்ல இருந்தப்ப அம்மா அனுப்பின வாய்ஸ் இது. இறங்கினதும் விஷயம் தெரிஞ்சு போச்சு, இதைக் கேக்க எனக்குத் தைரியமே வரல. நேத்துதான் கேட்டேன். உங்களுக்கும் வேணும்னு தோணுச்சு."

அம்மா அனுப்பிய தேதியையும் நேரத்தையும் மகள் கீழே எழுதியிருந்தாள். நம்ம ஊர் நேரம், காலை பத்து நாற்பது.

அழுத்தினார். குழறல் இல்லாமல், அவசரமில்லாமல், அவள் குரல்:

"இறங்கினதும் போன் பண்ணுடி. உங்கப்பா சுவரைப் பாத்துப் படுத்திருக்காரு. கோபம் இல்ல அது, நீ போயிட்டேன்னு அழுகை. பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். வரலைன்னா நானே போயிப் பேசிடுவேன். எனக்கும் பேசாம இருந்து இருந்து வாய் வலிக்குது."