கொய்யா இலை மென்ற டிரைவர்கள்

1. முதல் நாள்

எழுபதுகளின் கடைசியில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில், ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பராகச் சேர்ந்தேன். வேலை சுலபம் என்றார்கள். வண்டி கிளம்பும் நேரம் பார்த்து விசில் ஊத வேண்டும். அடுத்த கம்பெனி வண்டி நம் நேரத்தில் வந்து நின்றால் சண்டை போட வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று யாரோ முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் என் தகுதி.

முதல் நாளே நாகூர் வண்டி டிரைவர் தங்கராசு வந்தார். ஊரில் அவருக்குப் பெயர் பைலட். அவர் வருவதற்கு முன்பே சாராய வாசனை வந்துவிட்டது. நான் பதறிப்போய் ஆபீஸுக்கு ஓடினேன். முதலாளி விசிறி மட்டையால் முதுகு சொறிந்துகொண்டிருந்தார்.

"மொதலாளி, நாகூர் வண்டி டிரைவர் குடிச்சிருக்காருங்க."

"அதுக்கென்னா இப்ப?"

"வண்டி எடுக்கப் போறாருங்க."

"தம்பி, நீ ஊருக்குப் புதுசு. அவன் குடிக்காம வந்தா என்கிட்ட வந்து சொல்லு. அன்னிக்குத்தான் பயப்படணும். சரக்கு உள்ள போனாத்தான் அவனுக்குக் கை நடுங்காது, ஸ்டியரிங் நேரா நிக்கும்."

இது முதலாளியின் கருத்து மட்டுமல்ல, ஊரின் கருத்து. முன்னால் நிற்கும் வண்டியை விட்டுவிட்டு பைலட் வண்டிக்காகக் காத்திருக்கும் ஆட்கள் உண்டு. "அண்ணன் கொஞ்சம் போட்டுட்டு எடுத்தாருன்னா கப்பல் மாதிரி போகும்" என்பார்கள். அரை கிளாஸ் சாராயத்தில் பார்வை தெளியும் என்றால், கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்துக்குப் பதில் அதையே விடலாமே என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மதுவிலக்கு. இந்தப் பக்கம், புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில், கடை கடையாகச் சாராயம். குடிப்பதற்கென்றே ஆட்கள் வண்டி கட்டி வருவார்கள், குடித்துவிட்டு அதே வண்டியில் திரும்புவார்கள். ரோடு ஒன்றரை வண்டி அகலம். தார் முடிந்த இடத்தில் வாய்க்கால். அந்த ஒரு முழ ஓரத்தில்தான் மீன்காரர், பால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் சைக்கிள் மிதித்துப் போனார்கள். பஸ் உரசி யாராவது வாய்க்காலில் விழுந்தால், பஸ்ஸிலிருந்து பத்துத் தலை வெளியே நீளும். "ரோட்டப் பாத்துப் போக மாட்டியா?" என்று விழுந்தவரைத்தான் கேட்கும்.

2. பானெட் சீட்

அந்தக் காலத்து பஸ்களில் எஞ்சின் டிரைவருக்கு இடது கைப்பக்கம், வண்டிக்கு உள்ளேயே இருக்கும். அதை மூடியிருக்கும் இரும்பு மூடிக்குப் பெயர் பானெட். அதன்மேல் ரெக்சின் மெத்தை தைத்துப் போட்டிருப்பார்கள். கொதிக்கும். கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் அந்த இடத்துக்கு இருந்த மரியாதை கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக்கூடக் கிடையாது. டிரைவருக்கு வேண்டியவர்கள் மட்டும்தான் அதில் உட்காரலாம். பின்னால் சீட் காலியாகக் கிடந்தாலும் பானெட்டில் தொடை வெந்துகொண்டு உட்கார்ந்து வருவார்கள். என்ன பெருமையோ!

நாகூர் வண்டியின் சாயங்கால ட்ரிப்பில் அந்த இடம் அந்தோணிசாமிக்குச் சொந்தம். போலகத்துக்காரர். காரைக்காலில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதினார். தங்கமான மனுஷர்தான், வாய் திறக்காத வரை. திறந்தால் அரசியல், சினிமா, மாதா கோவில் திருவிழாவில் யார் எவ்வளவு பந்தா காட்டினார் என்பது வரை எல்லாம் வரும். பைலட்டும் பதிலுக்குப் பேசுவார். பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் மரியாதை என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரோட்டைப் பார்த்த நேரத்தைவிட அவர் அந்தோணிசாமியின் மூக்கைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

அதற்குப் பிறகு வண்டியில் டேப் ரிக்கார்டர் வைத்தார்கள். கேசட் முடிந்தால் ஒரு கையால் எடுத்து, ஊதி, திருப்பிப் போட வேண்டும். இன்னொரு கை ஸ்டியரிங்கில் இருந்ததா என்பதை அந்த மாதாதான் பார்த்திருக்க வேண்டும்.

3. நர்ஸம்மா

அந்தோணிசாமியின் மனைவி ஸ்டெல்லா, நாகூர் ரோட்டில் இருக்கும் டி.ஆர். பட்டினத்தில் நர்ஸ். வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளைப் பார்ப்பது அவர் வேலை. சைக்கிளில் போவார். அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டிய பெண்பிள்ளைகள் அப்போது வேறு யாரும் இல்லை. அது நம் டிரைவர்களுக்கு ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. சத்தமில்லாமல் பின்னால் நெருங்கி, முதுகுக்குப் பின்னால் ஏர் ஹார்னை அலறவிடுவார்கள். அவர் தடுமாறுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். முழுதாக வளர்ந்த, மீசை வைத்த ஆண்கள்.

ஒரு நாள் ஸ்டெல்லா, பஸ் ஸ்டாண்டில் நான் உட்காரும் கூண்டுக்கு வந்து நின்றார். முழங்கையில் கட்டு.

"நீங்கதானே டைம் கீப்பர்?"

"ஆமாங்கம்மா."

"நேத்துக் காலைல உங்க நாகூர் வண்டி என்னை வாய்க்கால்ல தள்ளிட்டுப் போச்சு. இடிக்கல. ஹார்ன் அடிச்சே தள்ளிட்டாரு. திரும்பிப் பாத்துச் சிரிச்சிட்டு வேற போறாரு."

"அடி பலமாங்கம்மா?"

"அடி ஆறிடும் சார். எங்க வீட்டுல சைக்கிளத் தொடக்கூடாதுங்குறாங்க. சைக்கிள் இல்லாம நான் எப்படி உள்ள இருக்குற ஊருக்கெல்லாம் போறது? உங்க பஸ்ஸு வரப்பு மேல வருமா? இடுப்பு வலி எடுத்தவகிட்ட, பஸ்ஸு வரட்டும் பொறுத்துக்கன்னு சொல்ல முடியுமா? இன்னொரு தடவை விழுந்தா வேலைய விட்டுடறேன்னு அவருகிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். விழ வச்சிடாதீங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

அழவில்லை. கோபமாகத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளியிடம் போனேன். "பொம்பளைக்கு எதுக்குத் தம்பி சைக்கிளு? ஹார்ன் சத்தத்துக்கு விழுறவங்க ரோட்டுக்கு வரலாமா?" என்றார். ஸ்டேஷனுக்குப் போனேன். "இடிச்சிருந்தா சொல்லுங்க, கேஸ் போடலாம். சத்தம் போட்டதுக்கெல்லாம் கேஸ் கெடையாது" என்றார்கள். செத்தால் கவனிக்கச் சட்டம் இருக்கிறது, சாகாமல் இருப்பதற்குத்தான் ஏற்பாடு இல்லை என்று புரிந்துகொண்டு திரும்பினேன்.

4. கருவாடு

பானெட்டில் ஆள் உட்காரக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டினேன். அந்தப் போர்டின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

காரைக்காலில் கருவாடு வாங்கி, போலகம் பக்கம் விற்கப் போகும் அஞ்சலை என்ற அம்மா உண்டு. அவள் மூட்டையை கண்டக்டர்கள் பஸ் டாப்பில் போடச் சொல்லி விரட்டுவார்கள். நான் கூப்பிட்டு, "இனிமே மூட்டைய பானெட் மேல வை. யாரும் கேட்டா டைம் கீப்பர் சொன்னாருன்னு சொல்லு" என்றேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

எஞ்சின் சூட்டில் சென்னாக்கூனி, நெத்திலி எல்லாம் சேர்ந்து வெதும்பும்போது வரும் வாசனையை நான் எழுத வேண்டியதில்லை. அந்தோணிசாமி மூன்றாவது வரிசைக்கு ஓடினார். பைலட் முதல் தடவையாக ரோட்டைப் பார்த்து ஓட்டினார், வேறு பக்கம் திரும்பினால் மூக்கு எரியும். கொஞ்ச நாள் நிம்மதி. அதற்குள் யாரோ கல்யாண கோஷ்டி பட்டுப்புடவையெல்லாம் நாறுகிறது என்று முதலாளியிடம் புகார் செய்தார்கள். மூட்டை டாப்புக்குப் போனது. அந்தோணிசாமி பானெட்டுக்குத் திரும்பினார். பட்டுப்புடவைக்கு இருந்த நாதி சைக்கிள்காரனுக்கு இல்லை.

5. கொய்யா மரம்

குடிக்கு வேறு வழி பார்த்தேன். விசில் ஊதுவதற்கு முன் ஒவ்வொரு டிரைவரையும் கூண்டுக்கு வரவழைத்து, முகத்துக்கு நேராக நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னேன். வாசனை வந்தால் ஸ்பேர் டிரைவர். முதலாளி முணுமுணுத்தார். ஆனால், இன்ஸ்பெக்டர் வந்து பிடித்தால் பெர்மிட் போய்விடும் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்ததால் பேசாமல் இருந்தார்.

டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? முதலில் வெற்றிலை, பிறகு கிராம்பு, பிறகு பச்சை வெங்காயம். கடைசியில் ஒரு மேதாவி கொய்யா இலையைக் கண்டுபிடித்தான். மென்றால் சாராய நாற்றம் அமுங்கிவிடும். டீக்கடைக் கொல்லையில் ஒரு கொய்யா மரம் இருந்தது. கொஞ்ச நாளில், கை எட்டும் உயரம் வரை அதில் ஒரு இலை கிடையாது. டீக்கடைக்காரர் ஏதோ பூச்சி விழுந்துவிட்டது என்று சாம்பல் தூவினார்.

மறைக்க வேண்டிய ஒன்று இல்லாதவன் எதற்கு இலை தின்கிறான்? எனக்கு வேலை மிச்சம். பேசச் சொல்ல வேண்டாம், பல்லைக் காட்டச் சொன்னால் போதும். பச்சையாக இருந்தால் ஆள் வண்டி எடுக்காமல் வெளியே உட்கார வேண்டியதுதான்.

6. அன்று சாயங்காலம்

திருவிழா சமயம். வண்டியில் கால் வைக்க இடமில்லை. பைலட் டீக்கடைக் கொல்லையிலிருந்து நேராக வந்து சீட்டில் ஏறிவிட்டார், கூண்டுக்கு வரவில்லை. நான் ஜன்னலுக்குப் போனேன். பல் மட்டுமல்ல, உதடும் பச்சை.

"அண்ணே, இறங்குங்க. ஸ்பேர் டிரைவரக் கூப்பிட ஆள் அனுப்பியிருக்கேன்."

"டைம் ஆச்சுங்க. விசில ஊதுங்க."

"ஊத மாட்டேன்."

அவர் எஞ்சினைக் கிளப்பினார். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்து நடந்ததைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டிரைவர் என்னைத் திட்டவில்லை. பாசஞ்சர்கள் திட்டினார்கள்.

"யோவ், வழிய விடுய்யா! வீட்டுக்குப் போக வேண்டாமா?"

"அவரு கொஞ்சம் போட்டா உனக்கென்னாய்யா? உன் அப்பன் வீட்டுக் காசுலயா போட்டாரு?"

"அடுத்த கம்பெனிக்காரன்கிட்ட கைநீட்டிக் காசு வாங்கிட்டான் இவன்!"

குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஏன் ஓட்டவிடவில்லை என்று சண்டை போடும் ஜனங்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. எல்லோரையும் தூக்கி அடிக்கும் சத்தம் பானெட்டிலிருந்து வந்தது. அந்தோணிசாமி. "தங்கராசு, நீங்க எடுங்க! மோதுற மாதிரி வந்தா தானா ஒதுங்குவாரு!"

நான் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"அந்தோணி சார், இந்நேரம் உங்க வீட்டம்மா எங்க இருப்பாங்க?"

"என்னா?"

"பட்டினத்துல டூட்டி முடிஞ்சு சைக்கிள்ல ஏறியிருப்பாங்க. இந்த வண்டி போற ரோட்டுலதான். அவங்கள வாய்க்கால்ல தள்ளினது யாருன்னு கேட்டீங்களா? நீங்க யாரு மூஞ்சியப் பாத்துப் பேசிட்டு வர்றீங்களோ, அவருதான்."

அந்தோணிசாமி பைலட்டைப் பார்த்தார். பைலட் வேறு பக்கம் பார்த்தார். அவருக்கு அந்த நர்ஸம்மா யார் மனைவி என்று அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் ஹார்ன் அடித்திருக்க மாட்டாராம், பிற்பாடு சொன்னார். அதைச் சமாதானம் என்று நினைத்துச் சொன்னார்.

அந்தோணிசாமி இறங்கி வந்தார். என் பக்கத்தில், வண்டிக்கு முன்னால் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. உள்ளே இருந்தவர்கள் அவரையும் சேர்த்துத் திட்டினார்கள். வேறு ஒருவர்கூட இறங்கவில்லை. ஸ்பேர் டிரைவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே ஓடிவரும் வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

அந்த வண்டி டி.ஆர். பட்டினம் தாண்டி ஸ்டெல்லாவை ஒதுங்கிக் கடந்து போயிருக்கிறது. அவருக்கு அன்று நடந்தது எதுவும் தெரியாது. ஸ்பேர் டிரைவர் ஆமை மாதிரி ஓட்டினான் என்று பாசஞ்சர்கள் மறுநாள் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்கள்.

ஸ்டெல்லா அதற்குப் பிறகு விழவில்லை. வேலையையும் விடவில்லை. எண்பதுகளில் நான் அந்தக் கம்பெனியை விட்டு வரும்போதும் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தார்.

7. கற்றுக்கொண்டது

பைலட்டை வேலையிலிருந்து எடுக்கவில்லை. முதலாளி அவரைத் திருநள்ளாறு ரூட்டுக்கு மாற்றினார். அதுதான் தண்டனையாம். சனிக்கிழமை திருநள்ளாறு ரோட்டில் சைக்கிள்கள் எறும்புச் சாரியாகப் போகும் என்பது முதலாளிக்குத் தெரியாதா?

அடுத்த சனிக்கிழமை பைலட்டை நிற்க வைத்துப் பல் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. விசிலை வாயில் வைத்தபோது பானெட்டைப் பார்த்தேன். அந்தோணிசாமி. குரும்பகரத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷமாம். ஏற்கெனவே பேச்சு ஆரம்பமாகிவிட்டது, பைலட் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தோணி சார், பின்னால போய் உக்காருங்க."

"அட, விடுங்க சார். இந்த ரூட்டுல நம்ம ஆளுங்க யாரும் சைக்கிள்ல வர்றதில்ல."

கிண்டலாகச் சொல்லவில்லை. என் கவலையைத் தீர்ப்பதற்காக, நல்லெண்ணத்தோடு சொன்னார். அவர் எழுந்து பின்னால் போகும்வரை நான் விசில் ஊதவில்லை.

இப்போது ரோட்டோரங்களில் போர்டு வைத்திருக்கிறார்கள். எதிரில் வருபவரை உங்கள் குடும்பத்தில் ஒருவராக நினைத்து ஓட்டுங்கள் என்று. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதை நம்ப வேண்டாம். தன் வீட்டு ஆள் என்றால்தான் ரோட்டைப் பார்ப்பேன் என்கிறவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவே கூடாது.