சாணை பிடித்த கல்

தம்பி உத்தமனைப் பற்றிக் கேட்டால் ஜெகதாம்பாளுக்கு வாய் ஓயாது. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் சாணை பிடிப்பவன். அவன் தீட்டிய உளியை இன்னொருவன் திருத்தியதில்லை. மழுங்கிய முனையைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. மேனாம்பேட்டு வீட்டின் அரிவாள்மனைகூட மாதம் ஒருமுறை பட்டறைக்குப் போய்வரும்.

அந்தக் கைதான் ஒன்பது நாளாக மடியில் கிடந்தது.

அதற்கு முந்தைய ஞாயிறு, பூண்டிக்கு அப்பால் குன்றின்மேல் இருக்கும் சுனைக்குக் கூட்டாளிகளோடு போயிருந்தான். பக்கத்தில் குகைகள், கல்லாயுத மனிதர்கள் வாழ்ந்த இடம். சுனைக்குள் உள்ளங்கை அளவில், இருபுறமும் செதுக்கிய கல் ஒன்று கிடந்தது. எடுத்ததும் கட்டைவிரல் தானாகப் போய் அதன் குழியில் உட்கார்ந்தது. பையில் போட்டுக்கொண்டான். மறுநாள் பட்டறையில், மழுங்கியிருக்கிறதே என்று சக்கரத்தில் வைத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டான். எவனோ செதுக்கிய விளிம்பு பொடியாக உதிர்ந்த பிறகுதான் உறைத்தது.

“திங்கக்கிழமை வரலன்னா வேற ஆளு போட்ருவாங்களாம்டா. இன்னாதான் ஆச்சு உனக்கு?”

“சக்கரத்தாண்ட போனா பின்னால நின்னுகினு பாக்குறான்க்கா.”

“யாருடா?”

“கல்லு செஞ்சவன்.”

“பாக்கட்டுமே. உன் வேலையப் பாக்க அவனுக்கும் ஆசை கீது.”

அவன் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே அவனைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள். வேப்பம்பட்டு தாண்டியதும் பையைத் திறந்தான். இரண்டு வாரமாக பீரோவில் கிடந்த கல், சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அக்கா முந்தானையால் துடைத்தாள். மறுபடி நனைந்தது.

சுனையில் ஆளில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, எடுத்த இடத்திலேயே, எடுத்த வாக்கிலேயே கல்லை வைத்தான்.

“தப்பா நெனச்சுக்காத நைனா. மொக்கையா கீதேன்னுதான்...”

பாறையிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்த நீர் சற்று நின்றது. பிறகு சொட்டியது.

திங்களன்று உத்தமன் வேலைக்குப் போனான். சாயங்காலம் அரிவாள்மனையைத் தீட்டி எடுத்துவந்து, “இன்னிக்கு யாரும் பின்னால நிக்கலக்கா” என்றான். ஜெகதாம்பாளுக்கு நெஞ்சு நிறைந்தது. கீரைக்கட்டோடு உட்கார்ந்து, வழக்கம்போல் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

சக்கரம் பட்ட வழவழப்பு இல்லை. கல்லைக் கல்லால் கொத்தியதுபோல் சின்னச் சின்னச் செதில்கள், நுனிவரைக்கும், ஒரே சீராக.

வைத்ததும் கீரை அறுந்தது. இத்தனை வருடத்தில் அப்படி அறுத்ததேயில்லை.

யாருடா தீட்டியது என்று கேட்க வாயெடுத்தாள். தம்பி கை கழுவிக்கொண்டிருந்தான். கீரையில் அடுத்த பிடியை எடுத்தாள்.