பேர் நீக்கிய ஒப்பாரி

என்னோடு ஆபீஸில் வேலை பார்ப்பவரின் அப்பா இறந்துவிட்டார் என்று, கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாலையும் கையுமாகப் போய் இறங்கினேன். தெருமுனையில் வேப்பமரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் என் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

அக்கா செல்லூரில் தன் வீட்டில்தான் இருந்தாள். காலையில் போனில் பேசியிருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது, மச்சான் இறந்த அன்று அவள் பாடிய ஒப்பாரி. மச்சான் விசைத்தறி வைத்திருந்தவர், தறிக்கான நூல்தாரையும் அவரே சுற்றுவார். 'தறி நின்னு போச்சே, தார் சுத்த ஆளில்லையே' என்று அவள் பாடியதை, துபாயிலிருந்து வரமுடியாத மச்சானின் தம்பிக்காகச் சொந்தக்காரர் ஒருவர் போனில் பிடித்து அனுப்பினார். அது கைமாறிக் கைமாறி யூடியூப் வரைக்கும் போயிருக்கிறது. இங்கே செத்தவர் உழவைத் தவிர வேறறியாத, தறியைக் கண்ணால் பார்த்திராத சம்சாரி. அவருக்கும் தறி நின்றுகொண்டிருந்தது.

மாலையைப் போட்டுவிட்டுப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். வருத்தமா, கோபமா என்று எனக்கே பிடிபடவில்லை. உள்ளே மரத்துப் போயிருந்தது. வீட்டில் என்னைக் கல்லுளிமங்கன் என்பார்கள், அன்று அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது, குடித்தேன்.

இரண்டாம் முறை அந்தப் பாட்டு ஓடும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு அடி முடியும்போதும் ஒரு கொட்டுச் சத்தம் விழுந்தது. அந்த இடத்தில் மச்சானின் பேர் இருக்க வேண்டும்.

அக்கா புருஷன் பேரைச் சொல்லாத ரகம். "என்ன மதினி, அண்ணன் பேரச் சொன்னா வாயில இருந்து முத்தா உதிந்துரும்?" என்று என் மனைவி கேலி செய்வாள். அக்கா சிரித்தே மழுப்பிவிடுவாள். மச்சானின் தலைமாட்டில் உட்கார்ந்துதான் முதன்முதலாகச் சொன்னாள், அடிக்கு அடி. கூட அழுதவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மைக்செட்காரர் லோடு ஆட்டோவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். என்னைவிடச் சின்னவர்.

"தம்பி, இந்தப் பாட்டு எங்க எடுத்தீக?"

"யூடியூப்ல கெடந்துச்சுண்ணே. லிங்கப் போட்டா எறங்கிரும். பெறகு இன்னொரு ஆப்பு இருக்கு, கொரல மட்டும் தனியாப் பிரிச்சுக் குடுத்துரும். பின்னாடி ஒரே எரைச்சல், ஆளாளுக்குக் கத்துறாக. அம்புட்டையும் தூக்கிட்டு நம்ம கொட்டச் சேத்தேன்."

அந்த ஆளாளில் நானும் ஒருவன். என் வாழ்நாளில் நான் சத்தம் போட்டு அழுத ஒரே நாள் அது.

"பேரு வருமே, அது?"

"வெட்டிட்டேன். வேற ஆளு பேரு வந்தா எழவு வீட்டுல சண்டைக்கு வருவாகல்ல? எல்லா வீட்டுக்கும் பொருந்தணும்ணே. பாடுறது யாரோ கூலிக்கு மாரடிக்கிற அம்மா போல, ஆனா என்னா கொரலு!"

"அது எங்க அக்கா. எங்க மச்சான் செத்ததுக்கு அழுதது."

அவர் முகம் செத்துவிட்டது. கை தானாகப் போய்ப் பாட்டை நிறுத்தியது. "தெரியாமப் போச்சுண்ணே. அழிச்சிர்றேன்."

பாட்டு நின்றதும் வீட்டுக்குள்ளிருந்து இறந்தவரின் மகள் தலைவிரிகோலமாக வந்தாள். "ஏண்ணே நிப்பாட்டுனீக? எனக்கு ஒப்பாரி வைக்கத் தெரியாது. அதக் கேட்டப் பெறகுதான் எங்கப்பாவுக்காக எனக்கு அழுகையே வந்துச்சு."

மைக்செட்காரர் என்னைப் பார்த்தார். "போடுங்க தம்பி" என்றேன். பாட்டோடு சேர்ந்து அழுதுகொண்டே அவள் உள்ளே போனாள். பேரோடு இருந்த முதல் பிரதி இருக்கிறதா என்று மட்டும் அவரிடம் கேட்டேன். அதை வேலை முடிந்ததுமே அழித்துவிட்டாராம்.

திரும்பும் பஸ்ஸில் தேடினேன். முதலில் போட்ட சேனலே இல்லை. கிடைத்ததெல்லாம் அவரிடமிருந்து மற்றவர்கள் வாங்கி ஏற்றியவை போல, கொட்டு விழுகிற பிரதிகள். ஒன்றில் குத்துவிளக்குப் படம், கீழே 'அனுமதியின்றிப் பதிவிறக்கம் செய்ய வேண்டாம்' என்று எச்சரிக்கை வேறு. திருடனுக்கும் பூட்டு தேவைப்படுகிறது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பாட்டை இறக்கும் அதே ஆப் என் போனிலும் இருக்கிறது. பஸ் பயணத்துக்கென்று எவ்வளவோ பாட்டுகளை இறக்கியிருக்கிறேன். பாடியது யார் வீட்டு அக்கா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஊருக்கு உபதேசம் செய்ய எனக்கு வாய் எழவில்லை. துபாய்க்குப் போன் போட்டேன். பழைய போன் போனபோதே அதுவும் போய்விட்டது என்றார் மச்சானின் தம்பி. பிடித்து அனுப்பியவரிடமும் இல்லை.

மறுநாள் செல்லூருக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவள் போனைக் காதோடு ஒட்டிவைத்து முழுதும் கேட்டாள். கண் கலங்கவில்லை.

"அந்தப் புள்ள அழுதுச்சா?"

"அழுதுச்சுக்கா."

"அப்பச் சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். போனைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தாள். "அவுக பேரு வர்றது எங்கயும் இல்லையாடா?"

"தேடிட்டேன். இல்லக்கா."

"நான் சொன்னேன்னு நீங்கதான் எல்லாரும் சொல்றீக. எனக்கு ஞாபகமே இல்ல. எங்கொரல்ல அது எப்படி இருந்துச்சுன்னு ஒரே ஒரு தடவ கேக்கணும்னு இருந்தேன்."

அவள் போனை என் கையில் திணித்தாள்.

"நீ பக்கத்துலதான இருந்த. எப்படிச் சொன்னேன்? சொல்லிக் காட்டு."

அவளுடைய குரலை நினைவில் தேடினேன். தறி நின்னு போச்சே என்பது வந்தது, அந்த இழுப்பும் வந்தது. பேர் வர வேண்டிய இடத்தில் எனக்கும் கொட்டுச் சத்தம்தான் கேட்டது.