தராசுத் தட்டில் ஒரு சந்தனப் பொட்டு

ஷார்ஜா தொழில்பேட்டையில் நான் வேலை பார்க்கும் லேத் பட்டறையின் அரபு முதலாளிக்கு, எங்கள் 'அர்பாப்'புக்கு, ஆப்பிரிக்கா போய்க் காட்டெருமை சுடும் பைத்தியம் உண்டு. கடையில் விற்கும் தோட்டா அவருக்கு ஆகாது. லைசென்ஸ் வாங்கி, பட்டறையின் பின்னறையில் தானே செய்துகொள்வார். பித்தளைக் கூட்டுக்குள் போடும் வெடிமருந்தை நிறுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. "எறும்புக்கு அரிசி மாவு போடுற மனுஷன், எருமைக்குத் தோட்டா செய்யறாரு" என்று என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு ஆயுத பூஜையன்று காலையில் லேத், ஸ்பேனர், சுத்தியல் என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் வைத்தேன். எனக்குக் கை தாராளம். பூஜை முடிந்து பொரி தின்றுகொண்டே முதலாளி பின்னறைக்குக் கூப்பிட்டார். மறுநாள் அவருக்கு விமானம். நான் நிறுக்க, அவர் குண்டை வைத்து அழுத்த, நாற்பது தோட்டா தயாராயின.

துடைக்கத் தராசுத் தட்டைத் திருப்பினேன். அடியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது. தராசு முள்ளை நான் சரிசெய்தது முந்தின நாள், வெறும் தட்டில். அப்படியானால் சந்தனத்தின் எடைக்கு ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்து குறைவு. குண்டு ஆழமாக இறங்காவிட்டால், காயம்பட்ட எருமை அவர்மேல்தான் திரும்பும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அப்புறம் சொல்லிவிட்டேன்.

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உன் சாமி எருமைக் கட்சியா, பாய்?" என்று இந்தியில் கேட்டார்.

நாற்பதையும் பிரித்து மறுபடி நிறுத்தோம். "யல்லா, யல்லா, சீக்கிரம், எருமை காத்திருக்கு" என்று சாயங்காலம்வரை என்னை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் துப்பாக்கிப் பெட்டியை எடுத்தார். அதன் மூடியிலும் என் பொட்டு. துணியோடு பாய்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது எடை போடற சாமான் இல்லையே. நான் திரும்பி வரணும்னுதானே வெச்சே?"

"ஆமா, அர்பாப்."

"அப்போ இருக்கட்டும்."