ஜப்பான் விளையாட்டும் மச்சாளும்

வீடியோ கேம் விளையாடினால் சம்பளம் தருவார்கள் என்று நான் சொன்னபோது எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. யாரோ ஏஜென்சிக்காரன் ஏமாற்றப் பார்க்கிறான் என்றார்கள். கல்யாணம் கட்டாத பிள்ளை பகல் முழுக்கக் கம்ப்யூட்டரில் பொம்மையை ஓடவிட்டுக்கொண்டு இருந்தால் யார் பெண் கேட்டு வருவான் என்று அம்மா வேறு கவலைப்பட்டார்.

வேலை உண்மையானதுதான். இங்கிலாந்தில் ஒரு சின்னக் கம்பனி ஜப்பானிய விளையாட்டுகளின் உரிமையை வாங்கி, ஆங்கிலத்துக்கு மாற்றி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்றுவந்தது. அங்கே வேலை பார்த்த என் சித்தப்பா மகன்தான் என்னைச் சேர்த்துவிட்டான். விற்பனைக்கு விடும் முன் ஒவ்வொரு விளையாட்டையும் வீட்டிலிருந்தபடியே முழுக்க விளையாடிப் பார்த்துப் பிழை பிடிக்க வேண்டும். ஜப்பானியர் நாலு எழுத்தில் முடிக்கிற பேச்சு ஆங்கிலத்தில் முழ நீளம் வரும். திரையில் பேச்சு வருகிற பெட்டியோ பழைய அளவிலேயே இருக்கும். மிஞ்சின சொற்கள் பெட்டிக்கு வெளியே தொங்கும். அப்படித் தொங்குகிற வசனங்களைச் சுருக்குவது எங்கள் பொறுப்பு. மற்றபடி வசனத்தில் கை வைக்கக் கூடாது.

வேலை கூடியபோது மச்சாளையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். மச்சாள் என் அண்ணனின் மனைவி. சண்டைக் காலத்தில் ஒரு காலை நானாட்டான் ஊருக்கு ட்ராக்டர் திருத்தப் போன அண்ணன் வீடு திரும்பவில்லை. தேடிக் களைத்து, நாங்கள் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய், அகதி முகாமில் காலம் தள்ளி, சண்டை முடிந்த பிறகு மன்னாருக்கு வந்தோம். முகாமில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மச்சாள் இங்கே கருவாடு காயவைக்கிற வாடியில் மீன் வெட்டினார். உப்பில் ஊறி அவர் விரல்கள் வெடித்திருந்தன. சோறு பிசையும்போது முகத்தைச் சுளிப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. ஒரு விளையாட்டைக் கொடுத்துப் பார்ப்போம், ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம் என்று கம்பனியில் சொன்னார்கள். மச்சாள் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்.

கிடைத்த விளையாட்டு ஒரு கடற்கரைக் கிராமத்துக் கதை. ஒரு இளம் மனைவி தோட்டம் செய்வாள், மீன் பிடிப்பாள், ஊராரோடு பேசுவாள். பாதிக் கதையில் அவளுடைய கணவன் படகேறிப் போவான். பிறகு வரவே மாட்டான்.

மச்சாள் அதை முடித்து அனுப்பிய மறுநாள், வசனங்களுக்குப் பொறுப்பான பெண்மணியிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. முன்பு ஒழுங்காக இருந்த வசனங்கள்கூட இப்போது வெளியே தொங்குகின்றனவாம். திறந்து பார்த்தேன். கடைக்காரன், தபால்காரன், கணவன் என்று யார் வாசலைத் தாண்டினாலும், ஆங்கிலத்தில் "போகிறேன்" என்று இருந்ததையெல்லாம் மச்சாள் "போய்விட்டு வருகிறேன்" என்று மாற்றி வைத்திருந்தார். சுருக்கச் சொல்லிக் கொடுத்த வேலையை மனுசி நீட்டி விட்டிருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. திரும்பவும் வாடிக்குப் போக ஆசையா என்று கத்தினேன். வாசலில் நின்றுகொண்டு போறன் என்று எந்த மனிதர் சொல்லுவார், அது வாயில் எடுக்கிற பேச்சா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். வேலை போனதென்றே நினைத்தேன்.

பின்னேரம் அந்தப் பெண்மணி வீடியோவில் வந்தார். ஏச்சு விழும் என்று பார்த்தால், ஏன் மாற்றினீர்கள் என்று அமைதியாகத்தான் கேட்டார். மச்சாளுக்குப் பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லை, நான் எடுத்துச் சொன்னேன். அந்தப் பெண்மணிக்கு முகம் மலர்ந்தது. ஜப்பானியரும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அப்படித்தான் சொல்வார்களாம். ஆங்கிலத்தில் அந்த வழக்கம் இல்லாததால் தான் சுருக்கினாராம். ஆனால் அந்தக் கணவன் மட்டும் ஜப்பானிய மூலத்திலேயே வெறுமனே போகிறேன் என்றுதான் சொல்கிறானாம். இவன் வரமாட்டான் என்று விளையாடுகிறவருக்கு உறைக்க வேண்டும் என்பதற்காகக் கதாசிரியர் வேண்டுமென்றே அப்படி எழுதினாராம்.

மச்சாள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"உன்ர அண்ணர் போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்," என்றார். "வராமல் போறவைக்கு அது முன்னமே தெரியுமோ?"

இதையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, உங்கள் துக்கம் எனக்கு விளங்குகிறது, ஆனால் கதை அதை எழுதினவருடையது, நாங்கள் அதை இன்னொரு கரைக்குக் கொண்டுபோகிறவர்கள் மட்டும்தான் என்றார். வசனங்களைப் பழையபடி திருத்தி அனுப்பச் சொன்னார். மச்சாளுக்கு வேலை நிரந்தரம் என்றும் சொன்னார். நல்ல மனுசி. ஆனாலும் அந்த நேரம் எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

அடுத்த நாள் காலையிலிருந்து மச்சாள் ஒவ்வொன்றாகத் திருத்தினார். கடைக்காரனும் தபால்காரனும் பழையபடி போகிறேன் என்றார்கள். மத்தியானம் அந்தக் கணவனின் ஒரே ஒரு வசனம் மிஞ்சியது. மச்சாள் கதிரையை விட்டு எழும்பினார்.

"அதை நீ மாத்து," என்றார். "என்னால ஏலாது."

அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். நான் கதிரையில் உட்கார்ந்தேன். அண்ணன் இனி வரமாட்டார் என்று அதுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. அன்றைக்கு என் கையால் நானே அதை எழுதினேன்.